அண்ணன் காருக்கு ஆயில் கூலர் வேண்டுமா?

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு அண்ணன் இருப்பார். வாங்கும்போது 110 குதிரைத்திறன் கொண்ட சின்ன டர்போ பெட்ரோல் கார். மறு வருஷமே என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுதச் சொல்லி, அதை 140 ஆக்கிவிட்டார். 'ரீமேப்' என்று அதற்குப் பெயர். சைலன்சரையும் மாற்றியிருப்பதால் அவர் வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்கும். இப்போது அடுத்த செலவுக்குத் தயாராகிவிட்டார்: "பவர் ஏத்தியாச்சுல்ல, இனி ஆயில் கூலர் போட்டே ஆகணும்!"

ஆகணுமா? கோயம்புத்தூர் மாதிரி கார்ப் பைத்தியம் பிடித்த ஊரில் இதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விடை 'ஆமாம்' என்றும் இருக்கலாம், 'வீண் செலவு' என்றும் இருக்கலாம். கண்டுபிடிக்கக் கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு வெப்பமானியும் போதும்.

முதலில் ஆயில் கூலரை நேரில் பார்த்துவிடுங்கள். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் எங்கேயாவது நின்றால் அதன் முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், என்ஜினுக்கு முன்னால், ஒரு சின்ன ரேடியேட்டர் தெரியும். ஆனால் உள்ளே ஓடுவது தண்ணீர் இல்லை, என்ஜின் ஆயில். ஒரு குழாய் வழியாகச் சூடான ஆயில் போகிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுழைந்து, எதிர்க்காற்றில் சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. அவ்வளவுதான். இதையேதான் கார்க்காரர்களும் பம்பருக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். (இப்போதுதான் ஓடி நின்ற பைக் என்றால் கை வைக்காதீர்கள். பார்த்தால் போதும்.)

ஆயில் ஏன் சூடாகிறது?

என்ஜின் ஆயில் உராய்வைக் குறைக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது செய்வது அதைவிட விசித்திரமானது. நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் ஓடும் என்ஜினில் அதன் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு விநாடிக்கு 100 முறை சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது அது தன் பேரிங்கைத் தொடுவதே இல்லை! நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. ஷாஃப்ட் அதன்மேல் மிதந்தபடி சுற்றுகிறது. படலத்தின் தடிமன், மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். உங்கள் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

அந்த மெல்லிய இடத்தில் ஆயில் இழுபட்டு இழுபட்டுச் சூடாகிறது. இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் பிஸ்டன். அதன் தலைக்கு மேல் எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டர் சுவரைச் சுற்றித்தான் ஓடுகிறது, பிஸ்டனுக்குள் நுழைய அதற்கு வழியில்லை. அதனால் பல டர்போ என்ஜின்களில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மூன்றாவது, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டைத் தாங்குவதும் ஆயில்தான். தண்டின் ஒரு முனையில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றிவிடுவது புகைக்குழாய்க்குப் போகும் கொதிக்கும் வாயு. தண்ணீர் போக முடியாத இடங்களிலிருந்தெல்லாம் சூட்டைச் சுமந்து வருவது ஆயில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடானால் என்ன ஆகும்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளைகளில் விளக்கெண்ணெய் ஊற்றுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். இன்னொன்றைப் பெரியவர் யாரையாவது கூட வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் இறக்கி வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவுள்ள கண்ணாடிப் பாசிமணியைப் போட்டு, அது அடியைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். குளிர்ந்த எண்ணெயில் மணி அசைந்து அசைந்து சோம்பேறித்தனமாக இறங்கும். சூடான எண்ணெயில் போட்டதும் 'டிக்' என்று அடியில் தட்டும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகிறது, அதன் பாகுநிலை குறைகிறது. (முதல் உலகப்போர்க் காலத்து விமான என்ஜின்கள் பலவற்றில் ஊற்றியதும் இதே விளக்கெண்ணெய்தான்.)

இன்றைய கார் ஆயிலும் இப்படித்தான். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் எழுதியிருக்கும் சாதாரண ஆயிலை எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் இருந்த பாகுநிலை 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். அது பரவாயில்லை. 100 டிகிரியில் எப்படி இருக்கும் என்று பார்த்துத்தான் அந்த 30 என்ற எண்ணையே கொடுக்கிறார்கள். ஆனால் 130 டிகிரிக்குப் போனால் அதிலும் கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். ஷாஃப்டைத் தாங்கும் படலம் அந்த அளவுக்கு மெலியும். படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும். அப்புறம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ஆயிலே கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

நடுவில் நிற்கும் முள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணனிடம், "ஆயில் இப்ப எத்தனை டிகிரிண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். டேஷ்போர்டைக் காட்டுவார். "பாரு, முள்ளு நடுவுலதான் நிக்குது."

அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை! ஆயிலுடையதை அல்ல. தண்ணீருக்குக் காவலாக ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. 90 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் அது திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். அதோடு பல கார்களில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அசைந்தால் ஓட்டுபவர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவாரே! ஆயிலுக்குப் பெரும்பாலும் இப்படிக் காவல் கிடையாது. அது தன் பாட்டுக்கு ஏறும், இறங்கும். காலையில் வண்டியை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அப்போதும் பாதி வழியில்தான் இருக்கும். அதற்கு இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும்.

ஆக, அண்ணன் முதலில் வாங்க வேண்டியது ஆயில் கூலர் அல்ல, ஆயில் வெப்பமானி. சில கார்களின் கம்ப்யூட்டரிலேயே இந்தக் கணக்கு இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் போனில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு தட்டை மாட்டி, அதில் சென்சாரைத் திருகலாம். கூலரின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் பம்பரைத் திறந்து காட்டினால் கூலர் தெரியும், சென்சார் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ இதை யாரும் முதலில் வாங்குவதில்லை!

30 குதிரைகள் எங்கே?

இப்போது கணக்குக்கு வருவோம். அண்ணனின் வாதம் என்ன? 'பவர் கூடியது, அதனால் சூடு கூடியது.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு சின்ன ஓட்டை மட்டும் உண்டு.

1200 கிலோ எடையுள்ள கார் சமதளச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக எவ்வளவு சக்தி வேண்டும்? காற்று எதிர்க்கும் விசை, டயர் உருள்வதற்கு ஆகும் விசை இரண்டையும் கூட்டினால் சுமார் 300 நியூட்டன். வேகம் விநாடிக்கு 22 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 6600 வாட். ஏறக்குறைய 9 குதிரைத்திறன். அவ்வளவுதான்! 120 கிலோமீட்டருக்குப் போனாலும் 25 பக்கம்தான் வரும்.

140 குதிரைத்திறன் கார் 80 கிலோமீட்டரில் போகும்போது 9 குதிரைகள்தான் இழுக்கின்றன. மீதி 131 லாயத்தில் படுத்திருக்கின்றன. ரீமேப் செய்து கொண்டுவந்த 30ம் அங்கேதான். படுத்திருக்கும் குதிரைக்கு வியர்க்காது. என்ஜினுக்குள் உண்டாகும் சூடு, அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்பதைப் பொறுத்தது. எரிய முடியும் என்பதைப் பொறுத்தது அல்ல. அண்ணன் கோவை அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போய் வரும்வரை அவர் ஆயிலுக்கு ரீமேப் நடந்த விஷயமே தெரியாது.

"சரி, லாரியை ஓவர்டேக் செய்யும்போது முழுசா மிதிப்பேனே?" என்பார். நல்ல கேள்வி. அவர் காரில் 4 லிட்டர் ஆயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு கிலோ ஆயிலை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 2 கிலோஜூல் வேண்டும். அப்படியென்றால் மொத்த ஆயிலும் ஒரு டிகிரி ஏற 7 கிலோஜூல். முழு மிதியில் விநாடிக்கு 7 கிலோஜூல் கூடுதல் சூடு ஆயிலுக்குள் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், விநாடிக்கு ஒரு டிகிரிதான் ஏறும். லாரியைத் தாண்ட எட்டு விநாடி. 95ல் இருந்த ஆயில் 103க்குப் போகும். அண்ணன் காலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி வரும். இதற்கா ஒரு கூலர்?

மலைப்பாதை

அடுத்து எல்லாரும் சொல்வது மலைப்பாதை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அங்கே ஆயில் கொதித்துவிடாதா?

ஆட்களோடு சேர்த்து 1300 கிலோ. 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று கொள்வோம். நிலையாற்றலுக்கான சூத்திரம் நினைவிருக்கிறதா? நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்க வேண்டும். 1300 × 9.8 × 1000. சுமார் 1 கோடியே 27 லட்சம் ஜூல். கேட்டால் பயமாக இருக்கிறது! ஆனால் அதை ஏற 40 நிமிடம் ஆகிறது, அதாவது 2400 விநாடி. வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு சுமார் 5300 ஜூல். 7 குதிரைத்திறன். டயர், காற்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் சராசரி 15ஐத் தொடுவதே சந்தேகம்.

நான் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் மலைப்பாதைதான் ஆயிலுக்குப் பெரிய எதிரி என்று சொல்பவர்கள் பக்கம்தான் இருந்திருப்பேன். கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. வளைவுக்கு வளைவு விரட்டிக்கொண்டு போனால் சராசரி கூடும், உண்மைதான். மலையில் வேகம் குறைவு என்பதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு. அதனால் ஆயில் சமதளத்தைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனிக்காரர்கள் ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு மலை ஏறுவதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் வண்டியைச் செய்கிறார்கள்.

டிராஃபிக் ஜாமில் சிக்கினால்? அது தண்ணீரின் பிரச்சினை. நிற்கும் காருக்குக் காற்று வராது, ரேடியேட்டர் ஃபேன் ஒன்றே துணை. ஆயில் கூலருக்கும் காற்று வராது. பெரும்பாலானவற்றில் ஃபேன்கூடக் கிடையாது. ஜாமில் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

குதிரைகள் எழுந்திருக்கும் இடம்

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது. 2003ல் திறந்தார்கள். மாருதி 800 என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயர்தான் அதற்கு. அந்தக் காரில் பழகிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கே போனார், இந்தியாவிலிருந்து போன முதல் ஆள்.

சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேர்ப்பாதையில் முழு மிதி, வளைவுக்கு முன் பிரேக், வளைவு முடிந்ததும் மறுபடி முழு மிதி. இப்படிப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் பாதி நேரத்துக்கு மேல் எல்லாக் குதிரைகளும் விழித்திருக்கும். இங்கே அந்த 30ம் கணக்கில் வரும். லாரியைத் தாண்டும் எட்டு விநாடிக்கும் இதற்கும் வித்தியாசம் பாருங்கள். அதே சூடு, ஆனால் இறங்க அவகாசமே இல்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. முதல் சுற்றில் 100, மூன்றாவதில் 118, ஆறாவதில் 133 என்று அண்ணனின் வெப்பமானி காட்டினால், அவர் சொன்னதுதான் சரி, கூலர் வேண்டும். ஆறாவதிலும் 115ஐத் தாண்டவில்லையென்றால் கம்பெனி கொடுத்த ஏற்பாடே போதும்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு 90 முதல் 110 வரை வசதியான இடம். 120 எப்போதாவது வந்தால் குற்றமில்லை. 130 திரும்பத் திரும்ப வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். 140 என்றால் காலை எடுத்துவிட்டு, அடுத்த சுற்றை மெதுவாக ஓட்டி ஆயிலை ஆறவிட வேண்டும்.

பிறக்கும்போதே ஆயில் கூலரோடு பிறந்த கார்களும் உண்டு. 1998 வரை வந்த பழைய போர்ஷே 911 கார்களின் என்ஜினில் தண்ணீர் ரேடியேட்டரே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் குளிர்வித்தன. இங்கிலாந்தின் பழைய மினி காரில் இன்னொரு வேடிக்கை. இடத்தை மிச்சம் பிடிக்க கியர்பாக்ஸை என்ஜினுக்கு அடியிலேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஊற்றினார்கள். கியர் பற்களும் சேர்ந்து அந்த ஆயிலைக் கடைந்தன. மான்டி கார்லோ ராலியில் வென்ற அதன் வேகமான தம்பி கூப்பர் எஸ்ஸுக்கு, பின்னாளில் கூலரே வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர் பைக்குகளிலும் பெரும்பாலும் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பதைச் சேர்த்து யோசியுங்கள்.

குளிர்ந்தாலும் வம்பு

"தேவையில்லாவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே, குளிர்ச்சி நல்லதுதானே?" இதைத்தான் அண்ணன் கடைசியாகச் சொல்வார்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எவ்வளவு தண்ணீர் உண்டாகும் தெரியுமா? கிட்டத்தட்ட ஒரு லிட்டர்! பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது. அதில் பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்காலக் காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கலக்கும். ஆயில் அவ்வப்போது 90, 100 டிகிரியைத் தொட்டால்தான் இவை ஆவியாகி வெளியேறும். எப்போதும் 70லேயே நின்றால் தண்ணீர் உள்ளேயே தங்கும். தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சில சமயம் வெளிர்மஞ்சள் நிறத்தில் குழகுழவென்று ஒட்டியிருக்கும். தண்ணீரும் ஆயிலும் கலந்த பசை அது. தேவையில்லாத கூலர் இதைத்தான் வளர்க்கும்.

இன்னொரு தொல்லை, ஒவ்வொரு கூலரும் குறைந்தது நான்கு புதிய இணைப்புகளைக் கொண்டுவருகிறது. உள்ளே ஆயில் அழுத்தத்தோடு ஓடுகிறது. ஒரு குழாய் கழன்றால் நான்கு லிட்டரும் ரோட்டில் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டினால் அதற்குப் போகும் காற்றையும் மறிக்கும். ஆயிலைக் காப்பாற்றப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்த கதையாகிவிடும்.

செட்டிபாளையத்தில் 133 பார்த்துவிட்டு வந்த அண்ணன்கூட உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஆயில் அளவு சரியாக இருக்கிறதா, ரேடியேட்டர் தகடுகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு எங்கேயாவது கழன்று விழுந்துவிட்டதா என்று பார்க்கலாம். கையேடு அனுமதித்தால் 30க்குப் பதில் 40 எண் ஆயில் ஊற்றலாம். அப்படியும் 130க்கு மேல் போனால் கூலர் வாங்கட்டும். வாங்கும்போது தெர்மோஸ்டாட் வைத்த இணைப்புத் தட்டோடு வாங்கட்டும். ஆயில் 80, 90 டிகிரியைத் தொடும்வரை அது கூலர் பக்கம் போகும் வழியை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கும். மாட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். கூலரும் குழாய்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் ஆயிலை எடுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஆபீஸ் போகும் வழி, மலை, பந்தயப் பாதை மூன்றிலும் மறுபடி ஓட்டி வெப்பமானியைப் பார்க்கட்டும். பந்தயப் பாதையில் 112, ஆபீஸ் வழியில் 92 என்றால் சரியான அளவு கூலர் வாங்கியிருக்கிறார். டிசம்பரில் ஊட்டிக்குப் போகும்போது 75லேயே நின்றால், கூலரின் பாதி முகத்தை ஒரு தகடு வைத்து மறைக்கச் சொல்லுங்கள். குளிர் நாடுகளில் பழைய கார்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.